1943 மதுரை, ஒரு பெண் நிருபர், வீடு திரும்பாத ஓர் ஆலைத் தொழிலாளி: வரலாற்றுத் துப்பறியும் நாவலுக்காக ஒரு விவாதம்

தல்லாகுளத்தான்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையைக் களமாகக் கொண்டு ஒரு வரலாற்றுத் துப்பறியும் நாவலைத் தொடங்கியிருக்கிறேன். காலம் 1943. ஆலையில் இரவு முறைக்குப் போன ஓர் இளைஞன் விடிந்தும் வீடு வந்து சேரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்த அவனுடைய அக்கா, தெற்கு மாசி வீதியில் மாடியில் இயங்கும் ஒரு சிறு நாளிதழ் அலுவலகத்துக்கு வந்து, தம்பியைக் காணவில்லை என்று ஒரு வரி போடும்படி கேட்கிறாள். ஆசிரியர் அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அங்கே மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருக்கும் ஒரு பெண் அவள் பின்னாலேயே படியிறங்கிப் போகிறாள். கதை அங்கிருந்து புறப்படுகிறது.

இந்த ஆண்டைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1 அன்று மதுரையில்தான் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும் தமிழில் நாளிதழ் நடத்தலாம் என்ற எண்ணம் நகரத்தில் அப்போது புதிது. அந்தச் சூட்டைப் பார்த்து யாரோ ஒரு வியாபாரி தொடங்கிய கற்பனை இதழ் என் கதையில் வருவது.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. அந்தக் காலத்து மதுரையில் ஒரு பெண் செய்தி சேகரிக்கப் போவதை வாசகர் நம்புவாரா? காணாமல் போன ஒருவனைத் தேடுவதற்கு அன்று என்னதான் வழி இருந்தது? இரண்டாம் பாகத்தில் அவள் போடிக்கு ரயிலில் போய், மேற்கு மலைத் தோட்டங்களில் விசாரிப்பதாக எழுதியிருக்கிறேன். அது பொருந்துமா? விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் கிழித்துத் தொங்கவிடலாம்.

மானாமதுரைச் சந்திப்பு:

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். 1943-இல் போடிக்கு ரயில் கிடையாது. மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. போர்க்கால இரும்புத் தேவைக்காக அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் மறுபடியும் பாதை போட்டு வண்டி விட்டார்கள். உங்கள் கதாநாயகி பேருந்தில்தான் போக வேண்டும்.

அதுவும் உங்களுக்கு நல்லதுதான். பெட்ரோல் பங்கீட்டின் காரணமாக அன்று கரிவாயுவில் ஓடும் பேருந்துகள் இருந்தன. அந்த வாயுக் கருவியைச் செய்து கொடுத்ததில் மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, ஒரு பையன் ஊதுகுழல் விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால், வாயு சேர்ந்த பிறகுதான் இன்ஜின் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டி திணறும். பயணிகள் இறங்கி நடக்க, காலி வண்டி மெல்ல ஏறும். துரத்தல் காட்சி வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். யாரும் யாரையும் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது.

இன்னொன்று. பலரும் போட் மெயிலை மதுரை வழியாக ஓட்டிவிடுகிறார்கள். திருச்சி – புதுக்கோட்டை – காரைக்குடி – மானாமதுரைப் பாதை வந்த பிறகு எழும்பூர் – தனுஷ்கோடி வண்டி அந்த வழியாகத்தான் போயிற்று. மதுரைக்காரர்கள் மானாமதுரைக்கு வந்துதான் அதைப் பிடிக்க வேண்டும்.

ஓலைச்சுவடி:

பெண் நிருபர் பற்றி. அச்சு உலகில் பெண் இருப்பது அன்று வியப்பான செய்தி அல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தினார், துப்பறியும் கதைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். சுயமரியாதை இயக்க இதழ்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே காரமாக எழுதினார்கள். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ அமர்ந்து எழுதுவது வேறு, காவல் நிலைய வாசலில் நின்று ‘என்ன நடந்தது?’ என்று கேட்பது வேறு. ஆகவே அவளை நிருபர் என்ற பதவியோடு தொடங்காமல் மெய்ப்புத் திருத்துநராகத் தொடங்கியிருப்பது புத்திசாலித்தனம். அவளை யாரும் நியமிக்கவில்லை என்பதே கதை முழுக்க அவளுக்கு இடைஞ்சலாகவும் மறைப்பாகவும் இருக்கட்டும்.

அவள் எங்கே படித்தவள் என்பதையும் யோசியுங்கள். லேடி டோக் கல்லூரி 1948-இல்தான் வந்தது. அதற்கு முன் மதுரைப் பெண் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் சென்னை போன்ற வெளியூருக்குப் போக வேண்டும். அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஏதோ ஒரு காரணத்தால் ஆசிரியை ஆகாதவள் என்று வைத்தால் ஊருக்குப் பொருந்தும். ஆங்கிலமும் வரும், அரசாங்கக் கோப்பைப் படிக்க அது தேவைப்படும்.

அமெரிக்காவில் நெல்லி பிளை என்ற பெண் நிருபர் 1887-இல் மனநோயாளி போல நடித்து ஒரு காப்பகத்துக்குள் போய் எழுதியதை முன்மாதிரியாகக் கொண்டு, மாறுவேடம் ஏதும் போட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் அது நடக்கும். மதுரையில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் ‘நீ யார் வீட்டுப் பொண்ணு?’ என்று ஒரு திண்ணை கேட்டுவிடும்.

கோரிப்பாளையத்து வாசகி:

அந்தத் திண்ணைதான் அவளுடைய பலம் என்று நினைக்கிறேன். ஆண் நிருபர் நுழைய முடியாத இடங்கள் எத்தனை! கிணற்றடி, பிரசவ வார்டு, நூற்பாலையில் பெண்கள் வேலை செய்யும் பகுதி, துக்க வீட்டின் உள்கட்டு. காவலர் மனைவிகளே அவளிடம் பேசுவார்கள். ஆசிரியருக்குக் கிடைக்காத செய்தி அவளுக்குக் கிடைப்பதற்கு அவளுடைய சாமர்த்தியத்தை மட்டும் காரணமாகக் காட்டாமல், ஊர் வாய் எங்கே திறக்கும், எங்கே மூடும் என்பதைக் காட்டுங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:

தல்லாகுளத்தாரிடம் ஒரு கேள்வி. காணாமல் போகும் அந்தப் பையன் எந்த ஊர், என்ன ஆள்? நீங்கள் சொல்லவில்லை. 1943-இல் அது தெரியாமல் அவனைத் தொலைக்க முடியாது.

தல்லாகுளத்தான்:

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பிரமலைக் கள்ளர் குடும்பம். கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் வழியாக ஆலை வேலைக்கு வந்தவன் என்று குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கதையில் இன்னும் விரிவாகக் கொண்டுவரவில்லை.

உசிலம்பட்டிக்காரன்:

அப்படியானால் உங்கள் முதல் அத்தியாயம் நிற்காது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்த பிறகு, 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி எங்கள் மக்கள் மீது படிப்படியாக அது ஏவப்பட்டது. எங்கள் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஊரில் உள்ள வயது வந்த ஆண்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்தார்கள். பதிவானவன் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த சாவடியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு என்ற பயண அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், போன இடத்தில் காட்ட வேண்டும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்; அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947-இல்தான் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. உங்கள் கதை நடக்கும்போது அது முழு உயிரோடு இருக்கிறது.

ஆகவே பதிவான ஒருவன் ஓர் இரவு வரவில்லை என்றால் சர்க்கார் கணக்கில் அவன் காணாமல் போனவன் அல்லன், தப்பி ஓடிய குற்றவாளி. அக்கா போய் ‘என் தம்பியைக் காணோம்’ என்று சொன்னால் அது புகார் ஆகாது. தம்பியைக் காட்டிக்கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும். அவள் எப்படி முகம் தெரியாத ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போய்ப் பெயரையும் ஊரையும் சொல்லி அச்சில் போடச் சொல்வாள்? பயந்து வாயைக் கட்டிக்கொண்டு உறவுமுறைக்குள் மட்டும் விசாரிப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாக்கள் பட்ட அவமானம் ஒரு கதைக்குப் பின்னணித் திரைச்சீலையாக மட்டும் தொங்குவதை நான் விரும்பவில்லை. வெளியிலிருந்து ஒரு படித்த பெண் வந்து எங்களை மீட்பதாக எழுதினால் நான் படிக்கமாட்டேன்.

மேலமாசி வழக்குரைஞர்:

உசிலம்பட்டி நண்பர் சொன்னது சட்டப்படியும் சரி. இருப்பிடத்தை விட்டு முன்னறிவிப்பு இல்லாமல் விலகுவதே அச்சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியது. தேடலுக்கு இருந்த மற்ற வழிகளைச் சொல்கிறேன், நாவலாசிரியருக்குப் பயன்படக்கூடும்.

இன்று ஆளைக் காணோம் என்றால் உடனே ஆட்கொணர்வு மனு என்கிறோம். அன்றும் 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 491-ஆம் பிரிவில் அதற்கு வழி இருந்தது. ஆனால் உயர் நீதிமன்றம் சென்னையில். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது. ஓர் ஆலைத் தொழிலாளியின் அக்கா சென்னைக்குப் போய் வக்கீல் வைப்பது நடக்கிற காரியமா? மேலும் ஒருவரைச் சட்டவிரோதமாக யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டினால்தான் மனுவே நிற்கும். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26-ஆம் விதியின் கீழ் விசாரணையின்றி அடைத்து வைத்தவர்கள் ஏராளம். அந்த விதி செல்லாது என்று 1943 ஏப்ரலில் கேசவ் தல்பாடே வழக்கில் பெடரல் நீதிமன்றம் சொன்னது. அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தது. அந்தச் சில நாள் இடைவெளிச் சலசலப்பு ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

அடுத்து, பிணம். ஊர் எல்லையில் ஓர் அநாதைப் பிணம் கிடந்தால், அதை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் கடமை அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி கிராமத் தலைவருக்கு, அதாவது நம் பக்கத்துக் கிராம முன்சீப்புக்கு, இருந்தது. தலையாரி பார்ப்பார், முன்சீப்பு எழுதுவார், காவல்துறை வந்து விசாரணை நடத்தும். ஆக, மதுரையைச் சுற்றி ஒரு நாள் நடைத்தூரத்தில் இருக்கும் முன்சீப்புகளின் அறிக்கைகள்தாம் உங்கள் கதாநாயகி தேட வேண்டிய கிடங்கு. கண்மாய்க் கரையில் கிடைத்த உடல், கிணற்றில் மிதந்த உடல் என்று ஒவ்வொன்றாகப் போய் அவள் கேட்க வேண்டும்.

கணவனோ மகனோ காணாமல் போனால் சொத்துக்கு என்ன ஆகும் என்பதும் உண்டு. அன்று நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, ஏழாண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தாம் அதை நிரூபிக்க வேண்டும். அதுவரை அக்குடும்பம் அந்தரத்தில் நிற்கும்.

நீதிமன்றக் காட்சி வைத்தால் இடத்தைக் கவனியுங்கள். அப்போது மாவட்ட நீதிமன்றம் திருமலை நாயக்கர் மகாலுக்குள்தான் நடந்தது. அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் கட்டுச்சோற்று மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை நீங்கள் எந்தத் தனிக் கற்பனையும் இல்லாமலே எழுதிவிடலாம்.

மானாமதுரைச் சந்திப்பு:

அய்யா, உடலை ரயிலில் டிரங்குப் பெட்டியில் வைத்து அனுப்புவதாக எண்ணம் ஏதும் இருந்தால் விட்டுவிடுங்கள். 1952 ஆகஸ்டில் ஆளவந்தார் கொலை வழக்கில் அந்தப் பெட்டி எங்கள் மானாமதுரை நிலையத்தில்தான் இறக்கப்பட்டது. சென்னையில் காணாமல் போனவரின் தலையற்ற உடல் போட் மெயிலில் இங்கே வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் அறுபது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள்.

மேலமாசி வழக்குரைஞர்:

உண்மை. ஆனால் அவ்வழக்கில் பெட்டியைவிட நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது, அடையாளம் காணப்பட்ட விதம். சென்னையில் மனைவி கொடுத்த புகாரும் இங்கே கிடைத்த உடலும் இரு வேறு மாவட்டக் கோப்புகள். அவற்றை ஒன்றாக இணைத்ததில் கைரேகைக்கும் பங்கு உண்டு. அவர் முன்பு இராணுவத்தில் இருந்ததால் பதிவு இருந்தது.

அதற்கும் முன்னால் 1937-இல் புரி நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு டிரங்கில் உடல் கிடைத்தது. இறந்தவர் பிட்டாபுரம் திவானிடம் பியூனாக இருந்தவர். ‘கடன் பணம் வாங்கிக்கொள்ள வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, போகிறேன்’ என்று அவர் புறப்படும்போது மனைவியிடம் சொன்ன சொல் சாட்சியமாகுமா என்பது அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஆகும் என்று 1939-இல் தீர்ப்பு வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒருவன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்பதற்கு இவ்வளவு எடை உண்டு. உங்கள் கதையில் அந்தப் பையன் அக்காவிடம் என்ன சொல்லிவிட்டுப் போனான்?

தல்லாகுளத்தான்:

அதைத்தான் இன்னும் தீர்மானிக்கவில்லை. உசிலம்பட்டி நண்பர் சொன்னதைக் கேட்ட பிறகு தொடக்கத்தை இப்படி மாற்றலாம் என்று தோன்றுகிறது. அக்கா அலுவலகத்துக்குப் புகாரோடு வரவில்லை. ஆசிரியர் வீட்டுக்குத் தயிர் ஊற்ற வருகிறவள் அவள். மெய்ப்புத் திருத்தும் பெண்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் ஒன்றும் இல்லை என்கிறாள். அந்த ‘ஒன்றுமில்லை’யைப் பிடித்துக்கொண்டு கதை நகர வேண்டும்.

ஊரார் அந்தப் பையனைப் பற்றி வெவ்வேறு கதை சொல்வதாகவும் எழுதியிருக்கிறேன். கண்டிக்குப் போய்விட்டான், மலாயாவுக்குப் போய்விட்டான், பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், நாடகக் கம்பெனியோடு போய்விட்டான் என்று. இவற்றில் எது நம்பும்படி இருக்கும்?

ஓலைச்சுவடி:

மலாயாவை அடித்துவிடுங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததோடு அந்தக் கடல் மூடிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோன காலம் அது. அங்கே இருந்தவர்களின் கடிதமும் மணியார்டரும் நின்று போய், இங்கே ஒவ்வொரு கிராமத்திலும் யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களும், திரும்பாதவர்களும் தனி. ஆகவே 1943-இல் ‘ஆளைக் காணோம்’ என்பது ஊரே பழகிப்போன சொல். ஒரு கொலையை ஒளித்து வைக்க அதைவிட நல்ல காலம் இல்லை.

கண்டி பொருந்தும், ஆனால் சிக்கலோடு. 1939 ஆகஸ்டு முதல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் புதிதாக இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்திருந்தது. முறையாகப் போனவன் என்றால் மண்டபம் முகாமில் பதிவு இருக்கும். பதிவு இல்லாமல் போனவன் என்றால் கள்ளத்தோணி. அவள் மண்டபத்துக்குப் போய்க் குமாஸ்தாவிடம் கேட்டுப் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டாலும் எதுவும் நிரூபணம் ஆகாது.

பட்டாளம்தான் சொல்ல எளிதான பொய். ஆள் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் சேர்ந்தவன் சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும்படி எழுதிக்கொடுப்பான். மாதங்கள் போயும் தபால்காரர் அந்த வாசலில் நிற்கவில்லை என்றால் பொய் தானே கிழியும். நாடகக் கம்பெனி இருபது வருடம் முந்திய கதை; பத்து வயதுப் பையன்களுக்குத்தான் பொருந்தும்.

செல்லூர்த் தறி:

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஆலைத் தொழிலாளர்கள். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: கடிகாரம்.

1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். போர்க்கால நேரம். ஆலைச் சங்கு, ரயில், அரசாங்க அலுவலகம் எல்லாம் அந்த நேரத்தில் ஓடின. கிராமத்தில் யார் அதை மதித்தார்கள்? சூரியனையும் கோழியையும் பார்த்து எழுந்தவர்களுக்கு அது பக்கத்து நாட்டு நேரம். எங்கள் பாட்டி கடைசிவரை ‘சர்க்கார் மணியா, நம்ம மணியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒரு சாட்சி ‘மணி அஞ்சுக்கு அவனை ஏ.வி. பாலத்தில் பார்த்தேன்’ என்கிறார். ஆலை வாயில்காரர் ‘ஆறு மணிக்குத்தான் வெளியே விட்டேன்’ என்கிறார். எல்லாரும் சாட்சி பொய் சொல்கிறார் என்று நினைப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது கதாநாயகிக்குப் புரிய வேண்டும். அது புரிவதற்கு அவள் இரண்டு நேரத்திலும் வாழ்ந்தவளாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று.

ஆலைக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். மதுரையில் உண்மையான ஆலைகள் இருந்தன, அவற்றின் பெயரில் கொலை ஏற்ற வேண்டாம். ஆனால் உள்ளே நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில். வேலைக்குச் சேரப் பணம், விடுப்புக்குப் பணம். வராதவன் பெயரில் ஆஜர் போட்டுச் சம்பளத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு.

உசிலம்பட்டிக்காரன்:

செல்லூர் அம்மா சொன்ன கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இரவு முறைக்குப் போகிறவன் இரவில் காவல் நிலையத்தில் எப்படி ஆஜராவான்? அதற்கு அவனுக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஆலையிலிருந்து மேஸ்திரி சொல்லி வாங்கித் தருவதாக இருக்கும். ஆகவே மேஸ்திரிக்கும் காவலருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும். பதிவான ஆட்கள் இருபது பேர் அந்த மேஸ்திரியிடம் இருந்தால், அவர்கள் சம்பளத்தில் கை வைத்தாலும் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஒரு சொல் சொன்னால் போதும், மறுநாள் அவன் தலைமறைவுக் குற்றவாளி ஆகிவிடுவான். இந்தப் பையன் திறந்துவிட்டான் என்று வையுங்கள்.

அவனைக் கொன்ற பிறகு ‘ஓடிவிட்டான்’ என்று எழுதினால் தேடுதல் உத்தரவு போகும், மேலதிகாரி வருவார், ஆலையில் விசாரிப்பார். அது அவர்களுக்கு ஆபத்து. ஆகவே அவனை ஓடவிட மாட்டார்கள். பதிவேட்டில் அவன் தினமும் ஆஜர். ஆலையிலும் ஆஜர். சம்பளமும் போய்க்கொண்டிருக்கிறது. செத்தவன் இரண்டு ஏட்டில் உயிரோடு இருக்கிறான்.

கதாநாயகி கண்டுபிடிக்க வேண்டியது பிணத்தை அல்ல. அந்த ஏட்டை.

மேலமாசி வழக்குரைஞர்:

இது பிரமாதம். ஏட்டில் தினமும் பெருவிரல் ரேகை வைப்பதாகக் கதையில் அமைத்தால் இன்னும் வலுவாகும். முதல் பதிவின்போது எடுத்த பத்து விரல் தாள் மேலிடத்தில் இருக்கிறது. நிலைய ஏட்டில் கடைசி இரண்டு மாதம் வேறொரு விரல். பையன் எழுதப் படிக்கத் தெரிந்து கையெழுத்துப் போடுகிறவன் என்றால் இந்தத் தந்திரம் நடக்காது. அவனை அடிமைப்படுத்த எடுத்த ரேகைதான் அவன் இறந்ததைச் சொல்ல மிஞ்சுகிறது.

கோரிப்பாளையத்து வாசகி:

எனக்கு ஒரு நெருடல். இது மிகவும் அழகாகப் பொருந்துகிறது. கொடுமைக்கு உதவிய ஏடே கடைசியில் நீதி கொடுத்துவிட்டது என்று வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவாரே?

உசிலம்பட்டிக்காரன்:

நீதி கொடுத்தது என்று யார் சொன்னது? ரேகை மாறியிருப்பதை அவள் கண்டுபிடிக்கலாம். அதை ஒப்பிட்டுச் சான்று தர வேண்டியது அதே காவல்துறை. மேலிடம் அந்த ஏட்டை வாங்கிக்கொண்டு போய்விடும், திரும்பி வராது. ஊரில் மட்டும் உண்மை தெரியும். எங்கள் பக்கத்துக் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தன.

ஓலைச்சுவடி:

அச்சில் வருமா என்பதையும் பாருங்கள். தணிக்கை ஒரு பக்கம். 1931-ஆம் ஆண்டுப் பத்திரிகை அவசர அதிகாரச் சட்டத்தின் கீழ் அரசு பிணைத்தொகை கேட்கலாம், பறிமுதல் செய்யலாம். புதிய இதழின் முதலாளிக்குக் காகித ஒதுக்கீடும் அரசின் கையில். காவல்துறை மீது பழி சொல்லும் செய்தியை அவர் போடவே மாட்டார். அவரைக் கோழையாகக் காட்டவும் தேவையில்லை, அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் பத்துப் பேரின் சோறு அதில் இருக்கிறது.

ஆனால் இன்னொரு அச்சு இருந்தது. கொலைச் சிந்து. எங்காவது ஒரு கொலை நடந்தால் சில நாளில் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் சிறு புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்பார்கள். கண்ணில்லாத ஒருவர் கஞ்சிராவோடு பாட, கூட இருக்கும் பிள்ளை காலணா வாங்கிக்கொண்டு புத்தகத்தை நீட்டும். திங்கட்கிழமைச் சந்தையில் அந்தப் பாட்டு ஒலித்தால் எந்தத் தணிக்கை அதிகாரி நிறுத்துவார்? ஒரே இடைஞ்சல், அன்று 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த அச்சுத் தாளிலும் அச்சடித்தவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். அந்தப் பெயரை யார் போட முன்வருகிறார் என்பது உங்கள் கடைசிப் பகுதிக்கு ஒரு நல்ல முடிச்சு.

செல்லூர்த் தறி:

பாட்டை அக்காதான் கட்ட வேண்டும். ஒப்பாரி தெரியாத பெண் அன்று எந்த ஊரிலும் இல்லை. மெய்ப்புத் திருத்துகிறவள் அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும், எழுத்துப்பிழை திருத்தட்டும், வேறு எதையும் திருத்த வேண்டாம். உசிலம்பட்டித் தம்பி அஞ்சிய மீட்பர் வேலையும் அதில் இல்லாமல் போகும்.

தல்லாகுளத்தான்:

ஒப்பாரியைச் சிந்தாக்குவது நான் நினைத்தே பார்க்காத திருப்பம். போடிப் பயணத்தை எடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களைத் திருமங்கலம் சாலையிலும் முன்சீப்பு வீடுகளிலும் செலவிடப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நிலைய ஏட்டை அவள் எப்படிப் பார்ப்பாள்? திருடுவது எளிதான வழி, ஆனால் அலுப்பான வழி.

கோரிப்பாளையத்து வாசகி:

காவலர் மனைவி. நான் முன்பே சொன்னேன். நிலைய எழுத்தர் இரவில் ஏட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, விடுபட்ட நாட்களை ஒரே மூச்சில் நிரப்புகிறார். ரேகை வைக்க விரல் வேண்டுமே? வீட்டில் யாருடைய விரல் இருக்கிறது என்று பாருங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:

அவருடைய மகன் விரல் என்று வைக்காதீர்கள், சின்ன விரல் தெரிந்துவிடும். மனைவியின் விரல். அவள் அந்த இரண்டு மாதமும் யாருக்காக மை தொட்டோம் என்று தெரியாமலே தொட்டவள். கையெழுத்துப்படி தயாரானதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். இன்னும் ஒன்று: அக்காவுக்கு இதுவரை ஒரு பெயர்கூட வைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெயராக வையுங்கள். ஒச்சம்மாள், பேச்சியம்மாள், சின்னாத்தா, எதுவானாலும் சரி.

ஓலைச்சுவடி:

பழைய நாளிதழ்களின் மொழிநடையும் விளம்பரங்களும் பார்க்க வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். ரேகைச் சட்ட அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஆராய்ச்சிக்காக என்று முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பியுங்கள். கொலைச் சிந்து அச்சுப்படிகளை முதலில் பாருங்கள், சந்தம் காதில் ஏறிய பிறகு அக்காவின் பாட்டை எழுதலாம்.